வாக்குமூலத்தில் ஒரு பகிடி

சென்னையில் இறங்கியதும் நான் முதலில் கேட்ட பொருள் சவர்க்காரம். விடுதி வரவேற்பில் இருந்தவர் பணிவாகத் தலையாட்டினார். சற்று நேரத்தில் அறைக்கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஒரு சின்னக் கிண்ணத்தில் சர்க்கரை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, சுவிஸில் பேர்ன் நகரத்து நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்ப்பவள் நான். தமிழர் சொல்வதை ஜெர்மனிலும் நீதிபதி சொல்வதைத் தமிழிலும் சொல்வது என் பிழைப்பு. அப்படிப்பட்டவளுக்கு மயிலாப்பூரில் ஒரு சோப்பு வாங்கத் தெரியவில்லை. கூட வந்திருந்த மார்ட்டா கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “உனக்கு இங்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் பிடிக்க வேண்டும் போலிருக்கிறதே” என்று ஜெர்மனில் சொல்லிச் சிரித்தாள்.

மார்ட்டா வழக்கறிஞர். போர்க்குற்றமும் சித்திரவதையும் ஆட்களைக் காணாமல் ஆக்குவதும்தான் அவள் அன்றாடம் படிக்கும் கோப்புகள். இருந்தும் அவளைவிடக் கலகலப்பான ஒருத்தியை நான் பேர்னில் பார்த்ததில்லை. சில குற்றங்கள் எங்கே நடந்தாலும் உலகத்துக்கே எதிராகச் செய்யப்பட்டவை என்று சட்டம் கருதுகிறது. செய்தவர் இன்னொரு நாட்டுக்குள் காலடி வைத்தால், அந்த நாடும் அவரை விசாரிக்கலாம். வன்னியில் போர் முடிந்த நேரத்தில் பொறுப்பில் இருந்த அதிகாரி ஒருவர், மகளைப் பார்க்க சுவிஸுக்கு வந்துபோகிறார் என்று தெரிந்ததும் மார்ட்டா ஒரு முறைப்பாட்டை, அதாவது புகார் மனுவை, தயாரிக்கத் தொடங்கினாள். அதற்குக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். சாட்சி சென்னையில் இருந்தார்.

பெயர்களையும் சில இடங்களையும் இந்தக் கட்டுரையில் மாற்றியிருக்கிறேன். சாப்பாட்டை மட்டும் மாற்றவில்லை.

திங்கட்கிழமை காலை பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் காதர் பாய், வெள்ளைத் தாடி வைத்தவர். ராஜா அண்ணாமலைபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி ஏறினோம். பக்கம்தான். ஆனால் மெட்ரோ ரயிலுக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். மந்தைவெளியை மட்டும் நாங்கள் மூன்று பக்கத்திலிருந்து தரிசித்தோம்.

“இன்னா மேடம் பண்றது? நேத்து வரைக்கும் இங்க ரோடு இருந்துச்சு. இன்னிக்கி தகரம் வச்சி அடைச்சிக்கீறானுங்கோ. ரயிலு வர்து, வர்துன்னு சொல்லிக்கினே கீறானுங்கோ. வந்தா என் பேரன் போவான், நான் எங்க போவப்போறேன்?” என்று தொடங்கிய பாய், அடுத்த சிக்னல் வரை நிறுத்தவில்லை. எனக்குப் பாதிதான் பிடிபட்டது.

“என்ன சொல்கிறார்?” என்றாள் மார்ட்டா.

“பாதை மூடியிருக்கிறதாம்.”

“இவ்வளவு நேரம் அதையா சொன்னார்?”

“மீதி உணர்ச்சி.”

பேர்னில் டிராம் கொஞ்சம் தாமதித்தால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு முட்டுச்சந்தில் ஆட்டோவை நிறுத்தி, பாய் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எது மேல் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சாட்சி தவமணி அக்காவின் வீடு ஒரு சந்தின் கோடியில், மாடியில். காலையில் இடியாப்பமும் சொதியும் செய்து சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டு வைக்கும் எங்கள் ஊர்க் குழம்பு. பல வருடம் கண்ணீர்விட்ட ஒரு முகத்தை எதிர்பார்த்துத்தான் படியேறினேன். வாசலில் நின்றவரோ பருத்த உடம்பும் பெரிய சிவப்புப் பொட்டுமாக, எங்களைக் கண்டதும் கையைத் தட்டினார்.

“வாங்கோ, வாங்கோ. இது ஆர் பிள்ளை, இவ்வளவு உசரம்? நிலையிலை தலை இடிக்கப்போகுது எண்டு சொல்லு!”

நான் மொழிபெயர்ப்பதற்குள் மார்ட்டாவின் தலை வாசல் நிலையில் இடித்துவிட்டது. அறிமுகம் நல்லெண்ணெய்த் தடவலுடன் நடந்தது.

அன்றைக்கு வாக்குமூலம் பற்றிப் பேசவே முடியவில்லை. முதலில் இடியாப்பம். பிறகு மாங்காய்ச் சம்பல். பிறகு நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் எஸ்தர் வந்தார். “அக்கா வூட்டாண்ட வெள்ளக்காரம்மா வந்துகீதாமே!” என்று கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை. எங்களிடம் “ஓம் பிள்ளை” என்று பேசிய தவமணி அக்கா அவர் பக்கம் திரும்பி, “இன்னாமே, சங்கராவுக்கு கண்ணு மங்கிக்கீது? யாருக்கு விக்கிற இதை?” என்றார். ஒரு மூச்சில் கடலைத் தாண்டினார். சவர்க்காரத்துக்குச் சர்க்கரை வாங்கிய நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமையும் அவர் பிடி கொடுக்கவில்லை. மகள் ஆரணிக்கு நிச்சயதார்த்தம் வருகிறது, தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க தி.நகர் போக வேண்டும், நீங்களும் வாங்கோ என்றார். போனோம். ரங்கநாதன் தெருவில் மனிதர்கள் நடப்பதில்லை, ஓடுகிறார்கள், ஆறு ஓடுவதைப் போல. அந்த ஆறு மார்ட்டாவை எங்களிடமிருந்து பிரித்துக்கொண்டு போனது. உயரமான ஒரு பொன்னிறத் தலை தூரத்தில் மிதந்து மறைவதைப் பார்த்தேன். தேடிப் பிடித்தபோது ஒரு வளையல் கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். கடைக்காரப் பெண் அவள் கையில் சோப்பு நுரை தடவி அடுத்ததை ஏற்றிக்கொண்டிருந்தாள். “எனக்கு வேண்டாம் என்று தமிழில் எப்படிச் சொல்வது?” என்றாள் மார்ட்டா, மிகவும் சந்தோஷமாக.

அக்கா பூ வாங்கினார். பூக்காரம்மா முழம் போட்டபடியே, “வூட்டுக்காரரு இட்டாரலியாம்மா? கல்யாண பர்சேஸுன்ற” என்று சாதாரணமாகக் கேட்டார்.

“வரேல்லை” என்றார் அக்கா. பூவைத் தலையில் வைத்துக்கொண்டார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு என்னிடம், “அவருக்கு மரணச் சான்றிதழ் தாறம், வாங்கிக்கொண்டு போ எண்டு ஊரிலை சொன்னவங்கள். செத்தவர் எண்டால் எப்பிடிச் செத்தவர், ஆர் சாக்காட்டினது எண்டு எழுதித் தாங்கோ, வாங்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். தரேல்லை. அதுதான் பொட்டும் பூவும்” என்றார். பிறகு உடனே, “இவளுக்கு ஒரு கரும்புச் சாறு வாங்கிக் குடு, முகம் தக்காளிப்பழம் மாதிரிக் கிடக்கு” என்று மார்ட்டாவைக் காட்டினார்.

அன்று மாலை வீட்டில் ஆரணி இருந்தாள். பெருங்குடியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. சின்னப் பிள்ளையாக வந்து இங்கேயே வளர்ந்தவள். எங்களுக்கு மரியாதையாகத் தண்ணீர் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா பேசுறதுல எனக்கு இஷ்டம் இல்ல. மாமா இன்னும் முல்லைத்தீவுல இருக்காரு. போன மாசம் ரெண்டு பேரு பைக்ல வந்து, உங்க அக்கா எங்க, யாருகூட பேசுறாங்கன்னு விசாரிச்சிட்டுப் போயிருக்காங்க. இங்க நாங்க அகதி கார்டுலதான் இருக்கோம். நீங்க எழுதி எடுத்துகினு ஃபிளைட் ஏறிடுவீங்க. எதுனா ஆச்சுன்னா யாரு பாப்பா?”

நான் அதை மார்ட்டாவுக்குச் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. பொதுவில் வரும் எந்தத் தாளிலும் அக்காவின் பெயர் இருக்காது என்பதை மட்டும் விளக்கினாள். அதற்கு மேல் பாதுகாப்பு தன்னிடம் இல்லை என்றும் சொன்னாள். அப்போது அக்கா, அதுவரை இல்லாத ஒரு மெல்லிய குரலில் மார்ட்டாவைப் பார்த்துக் கேட்டார்.

“நான் கதைச்சால் அவர் வருவாரோ?”

மார்ட்டா என் மொழிபெயர்ப்பைக் கேட்டு முடித்துவிட்டு, “இல்லை” என்றாள். “அவரைத் திருப்பித் தர என்னால் முடியாது. அந்த அதிகாரி தண்டிக்கப்படுவார் என்றும் சொல்ல மாட்டேன். முறைப்பாட்டை எடுக்காமலே விடலாம். நீங்கள் கண்டது ஒரு நாட்டின் சட்டத்துக்கு முன்னால் பதிவாகும். அதற்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.”

அதை மென்மையாக்கிச் சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை கிடையாது. இருந்தபடியே சொன்னேன்.

அக்கா ஆரணியிடம் திரும்பினார். “பார் பிள்ளை. ஆணைக்குழு வந்தது, கட்சிக்காரர் வந்தவை, வெளிநாட்டிலை இருந்து ஆக்கள் வந்தவை. எல்லாரும் ஓம், ஓம், கட்டாயம் எண்டுதான் சொன்னவை. முதல்முறையா ஒராள் இல்லை எண்டு சொல்லுது.” அங்கேயே கைபேசியை எடுத்து முல்லைத்தீவுக்குத் தம்பியை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டு, தான் பேசலாமா என்று கேட்டார். மறுபக்கம் அலையின் இரைச்சல் கேட்டது. அதற்குள்ளிருந்து தம்பி சொன்னார்: “என்னைச் சாட்டிக்கொண்டு நீ சும்மா இராதை அக்கா. எனக்கும் அத்தான்தான் அவர். சொல்லு.”

ஆரணி எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து, “நாளைக்கு லீவு போட்டுட்டேன்” என்றாள்.

புதன்கிழமை நாங்கள் பாயில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிய நிமிடத்தில், பக்கத்துத் தெரு மஞ்சள் நீராட்டு விழாவின் ஒலிபெருக்கி உயிர்பெற்றது. கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன. பேர்னில் ஞாயிற்றுக்கிழமை சலவை இயந்திரம் ஓட்டினாலே கீழ்வீட்டுக்காரர் கடிதம் எழுதுவார். மார்ட்டா பேனாவைக் கீழே வைத்தாள். மீன் கொடுக்க வந்த எஸ்தர் நிலைமையைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் படியிறங்கினார். தெருவில் அவர் குரல் ஒலிபெருக்கியையும் தாண்டிக் கேட்டது: “யோவ் நைனா, மேல ஒரு அக்கா முக்கியமா பேசிக்கினு கீது. சவுண்ட கம்மி பண்ணு. பொண்ணு வயசுக்கு வந்தது ஊருக்கே தெர்ஞ்சிபோச்சி!” பாட்டு பாதியாகக் குறைந்தது.

அக்கா சொன்னதை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. அது அவருடையது. சுருக்கம் இதுதான்: போரின் முடிவில், கிராமம் கிராமமாக நடந்து களைத்த கூட்டம் ஒன்று மார்ட்டாவின் முறைப்பாட்டில் உள்ள அதிகாரியின் பொறுப்பில் இருந்த படையினரின் பகுதிக்குள் வந்தது. போராளி இயக்கத்தில் ஒரே ஒரு நாள் இருந்தவர்களும் பெயர் கொடுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று அறிவித்தார்கள். அவர் கணவர் பெயர் கொடுத்தார். அக்கா தன் கையாலேயே அவரை ஓர் அதிகாரி முன்னால் ஒப்படைத்தார். பகல் வெளிச்சத்தில் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போனது. பிறகு எந்த முகாமிலும், எந்த அலுவலகத்திலும், அப்படி ஒருவர் எங்களிடம் வரவே இல்லை என்றார்கள்.

அக்காவின் குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. நான்தான் ஒருமுறை தண்ணீர் கேட்டேன்.

ஓரிடத்தில் மட்டும் அவர் என்னை நிறுத்தினார். மார்ட்டாவின் கேள்வியொன்றை மொழிபெயர்க்கும்போது நான் “காணாமல் போனவர்” என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

“காணாமல் போறதுக்கு அவர் என்ன, ஆட்டுக்குட்டியோ? நான் குடுத்தனான், அவங்கள் கொண்டுபோனவங்கள். காணாமல் ஆக்கினது எண்டு சொல்லு.”

சுவிஸ் சட்டத்திலும் அதற்கு ஜெர்மனில் அப்படித்தான் ஒரு சொல் இருக்கிறது, மறைந்துபோகச் செய்தல் என்று. அதை மார்ட்டா அவருக்கு விளக்கினாள். இன்னொன்றும் சொன்னாள்: கொண்டுபோனவர்கள் உண்மையைச் சொல்லும்வரை அந்தக் குற்றம் முடிந்துபோவதில்லை, இன்றைக்கும் நடந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் சட்டம்.

“அப்ப சட்டமும் என்னை மாதிரித்தான்” என்றார் அக்கா. “காத்துக்கொண்டிருக்குது.”

வியாழக்கிழமை முழு வாக்குமூலத்தையும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சாட்சி கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை. அவர் தேங்காய் துருவியபடியே கேட்டார். கணவர் அன்று போட்டிருந்த சட்டையின் நிறத்தைத் திருத்தினார். நான் முடித்ததும் துருவலை நிறுத்திவிட்டு, “எல்லாம் சரி. ஆனா இதிலை அவர் இல்லையே” என்றார்.

“எப்படி அக்கா? பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயர்தானே?”

“பெயர் கிடக்கு. ஆள் இல்லை. அவர் பகிடிக்காரன் பிள்ளை. எங்கை நிண்டாலும் நாலு பேரைச் சிரிக்க வைப்பார். பஸ்ஸிலை ஏறேக்கையும் சும்மா ஏறேல்லை. திரும்பி என்னைப் பாத்துச் சொன்னவர், ‘இவ்வளவு நாளும் நடக்க விட்டவங்கள், இண்டைக்குத்தான் பஸ் விட்டிருக்கிறாங்கள். ரிக்கெற் காசு கேட்டால் உன்னட்டை வாங்கச் சொல்லுறன்’ எண்டு. அதையும் எழுதுங்கோ.”

ஆரணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இத நீ என்கிட்ட சொன்னதே இல்லியேம்மா” என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். அப்பாவின் குரல் நினைவில் இல்லாதவள் அதைக் கேட்ட முதல் தடவை அது.

ஒரு பகிடியை மொழிபெயர்ப்பதைவிட ஒரு சட்டத் தொகுப்பை மொழிபெயர்த்துவிடலாம். எங்கள் ஊரில் ரிக்கெற் என்றால் டிக்கெட்; அதை நான் ஜெர்மனில் முதலில் சொன்னபோது மார்ட்டா விழித்தாள். மாதக்கணக்கில் மூட்டையோடு நடந்தவர்கள், சாலையில் அதுவரை ஒரு வாகனமும் கிடைக்காதவர்கள் என்று விளக்கி மறுபடி சொன்னேன். ஒரு கணம் பிந்திச் சிரித்தாள். “அருமை. ஆனால் சட்டத்துக்கு இது தேவையில்லை” என்றாள். மடிக்கணினியில் வேறு இரண்டு வரி தட்டிவிட்டு நின்றாள். பிறகு தலையை உயர்த்தி, “நான் சொன்னது தவறு” என்றாள். “கடைசியாகக் கண்டபோது அவர் நலமாக இருந்தார். தெளிவாகப் பேசினார். தன் காலால் நடந்து அவர்களுடைய வண்டியில் ஏறினார். இதைவிட நன்றாக அதை எந்தப் பத்தியும் சொல்லவில்லை.” பகிடி கடைசிப் பத்தியாகச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை கையெழுத்தை உறுதிப்படுத்த ஒரு நோட்டரி வழக்கறிஞரிடம் போனோம். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்தெருவில் வீட்டு முன்னறையே அவர் அலுவலகம். மெலிந்த பெரியவர். “வாங்கோ, உக்காருங்கோ. காபி சாப்பிடறேளா?” என்றார். கையெழுத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்தினால் போதும் என்று மார்ட்டா சொன்னதை நான் மெதுவாகச் சொன்னேன்.

“படிக்காம நான் முத்திரை வெச்சதே இல்லேம்மா. அவா புரிஞ்சுண்டுதான் கையெழுத்துப் போடறாளான்னு நேக்குத் தெரியணும், இல்லையா?” என்று தமிழ்ப் பிரதியை எடுத்துக்கொண்டார்.

படிக்கப் படிக்க அவர் முகம் இறுகியது. ஒருதரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். திடீரென்று மூக்கால் ஒரு சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. வாய்விட்டே சிரித்துவிட்டார். அடுத்த நொடியே வெலவெலத்துப் போய்க் கைகூப்பினார்.

“மன்னிச்சுக்கோங்கோம்மா. இப்படியொரு எடத்துல, சிரிக்கப்படாது, என்னமோ…”

“சிரியுங்கோ ஐயா” என்றார் தவமணி அக்கா. கண் நிறைந்திருந்தது, முகம் முழுவதும் மலர்ந்திருந்தது. “சிரிக்கத்தானே சொன்னவர். அண்டைக்கு அங்கை ஒருத்தரும் சிரிக்கேல்லை. நானும் சிரிக்கேல்லை.”

பெரியவர் முத்திரையைக் குத்தினார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சனிக்கிழமை எங்களுக்காகக் கூழ் காய்ச்சினார் அக்கா. எஸ்தர் நண்டும் இறாலும் கொண்டுவந்தார். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒடியல் மாவு, அதாவது பனங்கிழங்கு மாவு, இருந்தது. காதர் பாயையும் மேலே கூப்பிட்டோம். உறைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டே, “இன்னா மேடம் இது, நம்ம பாயா தோத்துடும் போலகீது” என்றார். மார்ட்டா மூன்றாவது கிண்ணத்தோடு தரையிலேயே சாய்ந்துவிட்டாள். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது மட்டும் நினைவாகத் தலையைக் குனிந்து நிலையைத் தாண்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பேர்னில் முதல் பனி விழுந்த வாரம் செய்தி வந்தது. முறைப்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, விசாரணை திறக்கப்பட்டிருக்கிறது. யாரும் கைதாகவில்லை. எத்தனை வருடம் இழுக்கும் என்று தெரியாது. ஆனால் விசாரணை அதிகாரிகள் சாட்சியிடம் நேரில் கேட்க விரும்புகிறார்கள். டிராம் நிறுத்தத்தில் நின்றபடியே அக்காவை அழைத்தேன்.

பின்னணியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அது நின்றது.

“அப்ப இனி அவங்களிட்டையும் கேள்வி கேப்பினம்?”

“ஓம் அக்கா. தொடங்கியாச்சு.”

மூக்கை உறிஞ்சினார் என்று நினைக்கிறேன். பிறகு பழைய குரல் வந்தது.

“வரச் சொல்லு. நான் சொல்லுறன். ஆனா நீயும் வரோணும் பிள்ளை. அதுக்கு முதல் அந்த ரிக்கெற் பகிடியை ஜெர்மனிலை ஒழுங்காச் சொல்லிப் பழகு. மார்ட்டா பிந்தித்தான் சிரிச்சவ.”